விலங்கியல் சேர்ந்தால் விலங்குகளோடு வேலை செய்ய முடியுமா?

ராகிக்காடு:

அக்கா, அண்ணன்மார்களுக்கு வணக்கம். எனக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன். வீட்டில் நான்கு மாடும் கொஞ்சம் ஆடும் இருக்கின்றன. சின்ன வயதிலிருந்தே கால்நடை மருத்துவம்தான் என்று மனதில் வைத்திருந்தேன். கட்-ஆஃப் 188. கலந்தாய்வில் என் பிரிவில் இடம் முடிந்துவிட்டது. நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இல்லை.

இப்போது அரசுக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. விலங்கியல் கிடைத்திருக்கிறது. இந்த வாரத்துக்குள் பணம் கட்டிச் சேர வேண்டும். அப்பா நர்சிங் போகச் சொல்கிறார். மாமா, "விலங்கியல் படித்தால் பி.எட். முடித்துவிட்டு டீச்சர் வேலைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்" என்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். மூன்று வருடத்தில் உயிருள்ள விலங்கைத் தொடவாவது விடுவார்களா? உயிரியல் பூங்கா, யானை முகாம் மாதிரி இடங்களில் வேலைக்குப் போக இந்தப் படிப்பு போதுமா? வெளிநாட்டில் விலங்குப் பராமரிப்புக்கென்றே பட்டப்படிப்பு இருப்பதாக யூடியூபில் பார்த்தேன். நம் ஊரில் அப்படி ஏதாவது உண்டா?

நாமக்கல் பழைய மாணவன்:

தங்கச்சி, நான் நாமக்கல்லில் பி.வி.எஸ்சி. முடித்து இப்போது ஒரு கால்நடை மருந்தகத்தில் இருக்கிறேன். உன் கேள்வி விலங்கியலைப் பற்றியது, அதை மற்றவர்கள் சொல்வார்கள். இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்கிறேன்.

படிப்பு மொத்தம் ஐந்தரை வருடம், அதில் கடைசி ஒரு வருடம் பயிற்சி. வேப்பேரி, நாமக்கல், நெல்லை, ஒரத்தநாடு, தலைவாசல், தேனி, உடுமலை என்று அரசுக் கல்லூரிகள் ஏழு. மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான். 15 சதவீத இடம் மட்டும் அகில இந்திய ஒதுக்கீட்டில் நீட் மதிப்பெண்ணை வைத்து நிரப்புகிறார்கள். உனக்கு இன்னும் ஆசை விடவில்லை என்றால் அந்த வழி திறந்திருக்கிறது. ஆனால் அதற்காக ஒரு வருடம் வீட்டில் உட்காராதே. கல்லூரியில் சேர்ந்துகொண்டு எழுது.

அப்புறம் இதையும் யோசி. என் நாளில் பாதி சினை ஊசி. மீதி மடிநோய், வயிறு உப்புசம், நஞ்சுக்கொடி விழாத மாடு, கோமாரித் தடுப்பூசி முகாம், ஆட்டுக்கொல்லி. இரவு இரண்டு மணிக்குக் கன்று குறுக்கே கிடக்கிறது என்று போன் வரும். தோள்பட்டை வரை கையுறை போட்டுக்கொண்டு சேற்றில் மண்டியிட வேண்டும். எனக்கு இது உயிர். ஆனால் என்னோடு படித்தவர்களில் சிலர் விலங்கு பிடிக்கும் என்று வந்தார்கள், நோய் பிடிக்கவில்லை. நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் வலியில் இருக்கும் விலங்கைத்தான். உனக்குப் பிடித்தது வைத்தியமா, விலங்கோடு இருப்பதா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

வெளிமான்:

தங்கச்சி, நீ நிற்கிற இடத்தில் நின்று இதே வழியில் வந்தவள் நான். டெல்டாவில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல். பிறகு மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் எம்.எஸ்சி. வனவிலங்கு உயிரியல். இப்போது ஓர் உயிரியல் பூங்காவில் உயிரியலாளராக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதல் வருடம் பெரும்பாலும் முதுகெலும்பில்லாதவை. அமீபா, நாடாப்புழு, மண்புழு, கரப்பான், நத்தை, நட்சத்திர மீன். யானையையும் புலியையும் நினைத்துக்கொண்டு வந்த பிள்ளைகள் ஃபார்மலின் பாட்டில் வரிசையைப் பார்த்ததும் முகம் வாடிப்போவார்கள். அதன்பின் முதுகெலும்புள்ளவை, செல், மரபியல், உடலியங்கியல், சூழலியல், பரிணாமம். எனக்குப் பிடித்தது கருவியல். 24 மணி நேரக் கோழிக்கரு, 48 மணி நேரக் கரு என்று ஸ்லைடு ஸ்லைடாகப் பார்ப்போம். இரண்டாம் நாள் முடிவதற்குள் அந்த முட்டைக்குள் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும் என்று தெரிந்த பிறகு வீட்டில் அடைகோழியைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. தவளையையும் எலியையும் அறுப்பதெல்லாம் இப்போது இல்லை. 2014இல் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. மாதிரி உருவங்களும் கணினியும்தான்.

ஆகவே உயிருள்ளதைத் தொடுவது என்றால் மண்புழு, மீன், தேனீ, பட்டுப்புழு. இதைக் குறைவாக நினைக்காதே. பராமரிப்பு என்றால் என்ன என்பதை நான் முதலில் கற்றுக்கொண்டது பட்டுப்புழுவிடம்தான். நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவம் கடந்து கூடு கட்டும். எல்லாம் ஒரு மாதத்துக்குள். தோலுரிக்கும்போது தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும். அந்த நேரத்தில் இலை போடக் கூடாது, தொடக் கூடாது. இலை ஈரமாக இருந்தால் நோய். அறை சூடேறினால் நோய். ஒரு தட்டில் பால்புழு நோய் கண்ட புழு ஒன்று இருந்து அதை எடுக்காமல் விட்டால் தட்டே போய்விடும். கை கழுவாமல் உள்ளே வரக் கூடாது. இன்று பூங்காவில் புதிதாக வரும் விலங்கைத் தனியாக வைத்துக் கவனிக்கிறோம், ஒவ்வொரு கூண்டுக்கும் தனித்தனித் துடைப்பம் வைத்திருக்கிறோம். யோசனை அதேதான். நீ கிருஷ்ணகிரி மாவட்டம், உங்கள் பக்கம் மல்பெரித் தோட்டமும் புழு வளர்ப்பு மனையும் இல்லாத ஊர் குறைவு. கல்லூரியில் அந்தத் தாள் வருவதற்கு முன்பே ஒரு மனையில் போய் ஒரு மாதம் நின்று பார். காசு செலவில்லை.

சரி, பூங்கா வேலைக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலத் தெரியும். உள்ளே மூன்று தனித்தனி ஆட்கள். காப்பாளர், மருத்துவர், உயிரியலாளர்.

காப்பாளர்தான் காலையில் முதல் ஆள். இரவு விலங்கு எங்கே படுத்தது, நேற்று போட்டதில் எவ்வளவு மிச்சம், சாணம் எப்படி இருக்கிறது, நடையில் மாற்றம் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் கூட்டிப் பெருக்குவார். இந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் தனிப் பட்டப்படிப்பு கிடையாது. நீ யூடியூபில் பார்த்தது உண்மைதான், இங்கிலாந்தில் விலங்குப் பராமரிப்பு, விலங்கு மேலாண்மை என்று கல்லூரியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள், கல்லூரிக்குள்ளேயே விலங்குகளை வைத்திருக்கிறார்கள். இங்கே மூத்த காப்பாளரோடு நின்றுதான் பழக வேண்டும். யானை முகாம் இன்னும் தனி. தெப்பக்காட்டில் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர், கோழிகமுத்தியில் மலசர் என்று தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழ்கிறவர்கள் அவர்கள். அந்த அறிவு பட்டத்தோடு வருவதில்லை. பாகனாக வேண்டும் என்று நினைத்து விலங்கியல் சேராதே.

மருத்துவர் பி.வி.எஸ்சி. முடித்தவர். மயக்க ஊசி, ரத்தப் பரிசோதனை, பிரேதப் பரிசோதனை எல்லாம் அவர் பொறுப்பு. சட்டப்படி நாம் அதில் கை வைக்க முடியாது.

உயிரியலாளர் இடத்துக்குத்தான் விலங்கியல் வேண்டும். யாருக்கு யார் பிறந்தது என்ற வம்சப் பதிவேடு, இனப்பெருக்கத்துக்கு எந்த ஜோடி, என்ன உணவு, கூண்டுக்குள் எந்த மரம், எவ்வளவு நிழல், பிறகு நடத்தைப் பதிவு. நடத்தைப் பதிவு என்றால் குறிப்பிட்ட இடைவெளியில் நிமிர்ந்து பார்த்து, அந்த நொடியில் விலங்கு என்ன செய்கிறதோ அதை மட்டும் எழுதுவது. "சோகமாக இருக்கிறது" என்று எழுதக் கூடாது. "வடக்குச் சுவரோரம் நடக்கிறது" என்று எழுத வேண்டும்.

எங்களிடம் ஒரு தேன்கரடி இருந்தது. கம்பியோரமாக ஒரே தடத்தில் போவதும் வருவதுமாக இருக்கும், புல் தேய்ந்து பாதையே விழுந்துவிட்டது. மருத்துவர் பார்த்தார், உடம்பில் ஒன்றுமில்லை. பதிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது காலை உணவு வண்டி வருவதற்கு முந்தைய நேரத்தில்தான் நடை அதிகம் என்று தெரிந்தது. காப்பாளர் அண்ணன் அதைப் பதிவே இல்லாமல் முன்னாடியே சொல்லியிருந்தார், வண்டிச் சத்தம் கேட்டாலே அது எழுந்துவிடும் என்று. இங்கேதான் படிப்பு கைகொடுத்தது. தேன்கரடிக்கு மேல்தாடையில் நடு முன்பற்கள் இரண்டும் கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் கரையான் புற்றுக்குள்ளிருந்து கரையானை உறிஞ்சி எடுக்கும். அதாவது காட்டில் அதன் நேரத்தில் பெரும்பகுதி தோண்டுவதிலும் மோப்பம் பிடிப்பதிலும் உறிஞ்சுவதிலும் போகிறது. நாமோ தட்டில் கஞ்சியும் பழமும் வைத்துவிடுகிறோம், பத்து நிமிடத்தில் காலி, மீதி நாள் முழுக்கச் செய்வதற்கு எதுவும் இல்லை. மரக்கட்டையில் ஆழமாகத் துளை போட்டு உள்ளே தேன் தடவினோம். பழத்தை மண்ணில் புதைத்தோம். நேரத்தையும் மாற்றி மாற்றி வைத்தோம். நடை அடியோடு நிற்கவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்தது. தேய்ந்த தடத்தில் ஓரமாகப் புல் எட்டிப் பார்த்தபோது அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பல்லின் எண்ணிக்கையை நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவள். அது ஒரு கரடியின் பொழுதை மாற்றும் என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

எம்.எஸ்சி. ஆய்வுக்கு நான் போனது கோடியக்கரை. வெளிமான். (அதனால்தான் இந்தப் பெயர்.) விடிவதற்குள் புல்வெளிக்குப் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் உப்புக்காற்றும் கானலும் சேர்ந்து தொலைவில் நிற்பது எது என்றே தெரியாது. கிடா ஒவ்வொன்றும் தன் எல்லையில் ஒரே இடத்தில் புழுக்கை போட்டுக் குவித்து வைக்கும், அந்தக் குவியலை வைத்தே அதன் எல்லையை வரையலாம். சீமைக்கருவேலத்தின் காயை மான்கள் தின்று, புழுக்கை வழியாக விதையைப் புல்வெளி முழுக்கப் பரப்பும். அந்த மரம் வளர்ந்து அதே புல்வெளியைச் சுருக்கும். காட்டுக் குதிரைகள் வேறு புல்லுக்குப் போட்டி. மானைக் காப்பாற்றுவது என்றால் யாரோ மானைக் கொல்லாமல் தடுப்பது என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே போன பிறகுதான் மரம் வெட்டுவதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். விலங்கோடு வேலை என்று நீ கேட்கிறாயே, அதில் பாதி இப்படிப் புல், தண்ணீர், மரம் என்றுதான் இருக்கும்.

வேலை நிலவரத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். வெறும் பி.எஸ்சி.யோடு பூங்காவில் உயிரியலாளர் ஆவது கடினம். எம்.எஸ்சி. வேண்டும், அப்போதும் இடங்கள் குறைவு, பல இடங்கள் ஒப்பந்த அடிப்படையில். வனவிலங்கு உயிரியலுக்கு மன்னம்பந்தல், ஊட்டி அரசுக் கலைக் கல்லூரி, டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூர் என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) இருக்கின்றன. கடைசி இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு, கடும் போட்டி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) வாங்கிவிட்டால் ஆய்வுக் காலத்தில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அரசு வேலை என்றால் டி.என்.பி.எஸ்.சி.யின் வனத் தொழில் பழகுநர், யூ.பி.எஸ்.சி.யின் இந்திய வனப்பணி, இரண்டுக்கும் விலங்கியல் பட்டம் செல்லும். உன் மாமா சொன்ன ஆசிரியர் வழியும் பொய்யில்லை. நல்ல விலங்கியல் ஆசிரியை கிடைக்காமல்தான் எத்தனையோ பிள்ளைகள் இந்தப் பக்கமே வராமல் போகிறார்கள்.

நர்சிங் நல்ல படிப்பு. ஆனால் நோயாளிகளைக் கவனிக்கும் மனம் உள்ளவர் போக வேண்டிய இடம் அது. இங்கே கிடைக்காததற்குப் பதிலாகப் போகிற இடம் இல்லை.

சேர்ந்தால் முதல் வருடத்திலேயே விலங்கு இருக்கும் இடத்துக்குப் போ. மூன்றாம் வருடம் வரை காத்திருக்காதே. வகுப்பு அதைத் தானாகக் கொண்டுவந்து தராது. உனக்கு வண்டலூரைவிடப் பெங்களூரை ஒட்டிய பன்னேர்கட்டா பூங்கா பக்கம், தன்னார்வலராகச் சேர முடியுமா என்று நேரில் போய்க் கேள். விடுமுறையில் மகாபலிபுரம் சாலையில் இருக்கும் சென்னை முதலைப் பண்ணையில் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். 1976இல் ஆரம்பித்த இடம் அது. ஊர்வன பற்றி அங்கே கற்பது போல வேறெங்கும் கற்க முடியாது. சென்னையில் தங்க இடம் கிடைத்தால் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடும் காலத்தில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் கடற்கரையோரம் நடக்கும் மாணவர் குழுவோடு போ. 1988லிருந்து நடக்கிறார்கள். ஆமை முட்டைக்கு மணலின் சூட்டை வைத்துத்தான் ஆணா பெண்ணா என்று தீர்மானமாகும். நீ படிக்கப் போகும் கருவியல் அங்கே உன் கையில் இருக்கும்.

ராகிக்காடு:

அக்கா, மூன்று தடவை படித்துவிட்டேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன், கரடி கதையை இரண்டாவது முறை கேட்டாள். அண்ணனுக்கும் நன்றி. யோசித்துப் பார்த்தால் எனக்கு மாடு நோயாகக் கிடக்கும்போது பயம்தான் வருகிறது, அது மேயும்போது பார்த்துக்கொண்டே இருக்கப் பிடிக்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. காட்டு வேலை என்றால் பெண்பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது என்று அப்பா கேட்கிறார். அப்புறம், எங்கள் ஊரில் ராகி விளையும் நேரத்தில் யானை வரும். இரவெல்லாம் பரண் மேல் காவல் இருப்போம். இதையெல்லாம் படிப்பில் சேர்த்துக்கொள்வார்களா?

ஆய்வகச் சாவி:

நான் விலங்கியல் துறையில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். வெளிமான் சொன்னதற்கு மேல் ஒன்றிரண்டு மட்டும். சேருவதற்கு முன்னால் அந்தத் துறைக்கு நேரில் போ அம்மா. செய்முறை வகுப்பு வாரத்தில் உண்மையிலேயே நடக்கிறதா, களப்பயணம் எங்கே அழைத்துப் போகிறார்கள் என்று இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் கேள், ஆசிரியரிடம் கேட்காதே. துணைப்பாடத்தில் வேதியியலை அலட்சியம் செய்யாதே, உடலியங்கியலும் மரபியலும் அதன்மேல்தான் நிற்கின்றன. புள்ளியியலுக்குப் பயப்படாமல் இரு. தமிழ் வழியில் படித்திருந்தால் கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எதிரெதிரே எழுதி ஒரு நோட்டு வைத்துக்கொள். என் மாணவர்களில் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வில் தடுமாறியவர்கள் பாடம் தெரியாமல் தடுமாறவில்லை.

வெளிமான்:

அப்பாவிடம் இதைச் சொல்: களப்பணிக்கு யாரும் தனியாகப் போவதில்லை, ஆணும் போவதில்லை. வனத்துறை அனுமதி வாங்கி, உள்ளூர்க் காவலரோ வழிகாட்டியோ கூட வந்தால்தான் உள்ளே போக முடியும். வனவர், வனச்சரகர் பணிகளில் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், உங்கள் சரக அலுவலகத்திலேயே இருக்கலாம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பேசுங்கள். நான் சொல்வதைவிட சீருடை போட்ட ஒரு பெண் சொன்னால் அவர் கேட்பார்.

யானை விஷயத்தில் உன்னிடம் இருப்பது பெங்களூரிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்களிடம் கிடையாது. பன்னேர்கட்டா பக்கமிருந்து மழைக்குப் பிறகு அவை இறங்கி வரும் வழியில் நீ பிறந்து வளர்ந்திருக்கிறாய். இந்தப் பருவத்திலேயே ஒரு நோட்டு போடு. தேதி, வந்த நேரம், போன நேரம், எந்தப் பக்கமிருந்து, எத்தனை, தனிக் கொம்பனா குட்டியோடு கூட்டமா, யார் வயலில், கதிர் எந்தப் பருவத்தில், நிலா வெளிச்சம் எப்படி. தின்றது எவ்வளவு, மிதித்தது எவ்வளவு என்பதைத் தனித்தனியாக எழுது. காலையில் யானை காட்டுக்குள் போய்விட்டது என்று வனத்துறை சொன்ன பிறகு, பெரியவர்களோடு போய்ச் சேற்றில் பதிந்த முன்னங்கால் தடத்தைச் சுற்றிக் கயிறு வைத்து அள. அந்தச் சுற்றளவைப் போல இரண்டு மடங்குதான் ஏறக்குறைய யானையின் தோள் உயரம். வந்தது ஒரே யானையா வேறு வேறா என்று ஊர் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது உன் நோட்டில் பதில் இருக்கும். இரவில் படம் எடுக்கிறேன் என்று பரணை விட்டு இறங்கவே இறங்காதே, இதை மட்டும் அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடு.

எம்.எஸ்சி. நேர்முகத்தில் "நீங்களாக என்ன கவனித்திருக்கிறீர்கள்" என்றுதான் கேட்பார்கள். மூன்று ராகிப் பருவத்தின் நோட்டை மேசையில் வை.

நாமக்கல் பழைய மாணவன்:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பூங்காவோ மீட்பு மையமோ எங்கே பயிற்சிக்குப் போனாலும், அதற்கு முன்பே வெறிநோய்த் தடுப்பூசி மூன்றும் போட்டுவிடு. முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். கடித்த பிறகு போடுவது வேறு கணக்கு, இது முன்கூட்டியே. டெட்டனஸ் ஊசியும் போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பார். பன்னேர்கட்டாவுக்குக் கேட்கப் போகும்போது செவ்வாய்க்கிழமை போகாதே, அன்று விடுமுறை.